வௌவால்கள் ஒழிந்த வயல்கள்

வௌவால் மடிந்தால் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு என்ன தீங்கு நேரும் என்று ஒருவர் நம்மைக் கேட்டால், பொருந்தாக் கேள்வி என்று தள்ளிவிடுவோம். முன்னது குகையிலும் பாழ்மண்டபத்திலும் தலைகீழாகத் தொங்கி இரவில் மட்டும் உலவும் ஜீவன். பின்னது தாயின் அணைப்பை விட்டு அகலாத பச்சிளஞ் சிசு. இரண்டுக்கும் இடையே யாதொரு சம்பந்தமும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ‘சயின்ஸ்’ என்னும் அமெரிக்க விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று, அந்தச் சம்பந்தத்தைக் கணக்கிட்டே காட்டியிருக்கிறது. அதை எழுதியவர் விலங்கியல் பேராசிரியரும் அல்லர், வைத்தியரும் அல்லர். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளாதார நிபுணர் எயால் ஃபிராங்க். கொள்ளைநோய் ஒன்றினால் வௌவால்கள் கூட்டங்கூட்டமாக மடிந்த பிரதேசங்களில் விவசாயிகள் பூச்சிமருந்தை முன்னிலும் அதிகமாகத் தெளித்தார்கள் என்பதும், அதே பிரதேசங்களில் ஒரு வயது நிரம்புமுன் இறக்கும் குழந்தைகளின் விகிதம் உயர்ந்தது என்பதும் அவர் கண்ட முடிவுகள்.

சென்ற சில ஆண்டுகளாக வௌவால் என்றதும் நம் மனத்தில் எழுவது கொரோனாவின் நினைவேயாகும். நாடெங்கும் கதவடைத்துக் கிடந்த அந்த 2020ஆம் ஆண்டில், உலகின் பல மூலைகளில் மக்கள் வௌவால்களைத் தேடிச்சென்று கொல்லத் தலைப்பட்டார்கள். பெரு நாட்டின் கஹமார்கா மலைப் பிரதேசத்தில் தீப்பந்தங்களுடன் புறப்பட்ட கிராமத்தாரிடமிருந்து சுமார் 200 வௌவால்களை அரசாங்க வனவிலங்கு அதிகாரிகள் மீட்டு வேறிடத்தில் விட நேர்ந்தது. பயம் பொய்யன்று, மனிதனைக் கொல்லும் வைரஸ்கள் சில வௌவால்களின் உடலில் வசிப்பவை என்பது நிரூபிக்கப்பட்ட விஷயமே. ஆனால் நோயைச் சுமப்பது என்று நாம் அஞ்சும் இந்த ஜீவன் இல்லாமற்போனால் நம் ஆரோக்கியம் என்னவாகும் என்பதையும் சேர்த்து எடைபோடாதவரையில் நாம் அளிக்கும் தீர்ப்பு நியாயமான தீர்ப்பாகாது. அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் வாய்ப்பு, மிகுந்த துக்ககரமான ஒரு சம்பவத்தின் வாயிலாகவே விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது.

மூக்கில் படிந்த வெண்மை

2006ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நியூயார்க் மாநிலத்தின் தலைநகரான ஆல்பனிக்கு மேற்கே, ஹவ்ஸ் குகையில் இறங்கிய ஒருவர், பாறையில் தொங்கிக்கொண்டிருந்த வௌவால்களின் மூக்கில் மாவு தூவினாற்போல வெண்மை படிந்திருப்பதைக் கண்டு புகைப்படம் எடுத்து வைத்தார். அப்போது அதன் பொருள் எவருக்கும் விளங்கவில்லை. மறு குளிர்காலத்தில் மாநில வனவிலங்கு அதிகாரிகள் அப்பகுதிக் குகைகளுக்குச் சென்றபோது, தரையெங்கும் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடந்த உடல்களையும், வெளியே பனி மூடிய நிலத்தின்மேல் பட்டப்பகலில் தள்ளாடிப் பறக்கும் வௌவால்களையும் கண்டார்கள். ஒரு பூச்சியும் பறக்காத கடுங்குளிரில், இரவுப் பிராணி பகலில் ஏன் வெளியே வரவேண்டும்?

அங்கே வசிக்கும் சிறு பழுப்பு வௌவால் எட்டு, ஒன்பது கிராம் எடையுள்ள ஜந்து. இலையுதிர்காலத்தில் வயிறாரப் பூச்சிகளைத் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குளிர் தொடங்கியதும் குகைக்குள் புகுந்து, தன் உடலின் உஷ்ணத்தைக் குகையின் குளிர்நிலை அளவுக்கே இறக்கி, மூச்சையும் நாடித்துடிப்பையும் சுருக்கிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்குகிறது. சேர்த்த கொழுப்பு வசந்தகாலம் வரைக்கும் மட்டாகப் போதும். இந்த உறக்கத்தின்போது நோயை எதிர்க்கும் சக்தியும் உடலில் அடங்கிவிடுகிறது. அந்தச் சமயம் பார்த்துத்தான், 12 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையில் செழித்து வளர்ந்து 20 டிகிரிக்கு மேல் வளரமாட்டாத ஒரு பூஞ்சைக்காளான் மூக்கிலும் செவியிலும் இறக்கைத் தோலிலும் வேரூன்றுகிறது. தோலை அது அரிக்க அரிக்க, வௌவால் இடையிடையே விழித்துக்கொள்கிறது; ஒவ்வொரு விழிப்பிலும் உடலைச் சூடேற்றக் கொழுப்பு எரிகிறது; தை, மாசிக்குள் இருப்பெல்லாம் தீர்ந்து, இரை தேடிப் பனியில் வெளியே வந்து பட்டினியால் விழுந்து சாகிறது.

விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் உள்ள தேசிய வனவிலங்கு நல ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டேவிட் பிளீஹர்ட் முதலானோர் இந்தக் காளானை அடையாளங்கண்டு வெளியிட்டார்கள். ‘சூடோஜிம்னோஅஸ்கஸ் டெஸ்ட்ரக்டன்ஸ்’ என்பது இன்று அதற்கு வழங்கும் பெயர். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இதே காளான் வௌவால்களின் மேல் காணப்படுகிறது. அங்கே அவை அதனால் திரள் திரளாகச் சாவதில்லை. நெடுங்காலப் பழக்கத்தால் அவ்விடத்து வௌவால்கள் தாங்கக் கற்ற ஒன்று, கடல் கடந்து புது நிலத்துக்கு வந்ததும் கொள்ளைநோயாக மாறியது. நோய் முதலில் தென்பட்ட ஹவ்ஸ் குகை, சுற்றுலாப் பயணிகள் ஏராளமாக வந்துபோகும் ஒரு பெருங்குகையோடு இணைந்தது என்பதை நோக்கும்போது, யாரோ ஒருவருடைய காலணியில் ஒட்டிய மண்ணோடு அது வந்திருக்கவேண்டும் என்ற அனுமானமே பலமாக நிற்கிறது.

‘வௌவால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. உடலோடு உடல் ஒட்டி நூற்றுக்கணக்கில் தொங்கும் அந்த வழக்கமே நோய் பரவுவதற்கு வசதியாயிற்று. 2012ஆம் ஆண்டுக்குள் 57 லட்சத்திலிருந்து 67 லட்சம் வரை வௌவால்கள் மாண்டிருக்கக்கூடும் என்று அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை மதிப்பிட்டது. கிழக்குக் கரையில் தோன்றிய நோய் 2016இல் மேற்குக் கரையின் வாஷிங்டன் மாநிலத்தை எட்டியது. சிறு பழுப்பு வௌவால், வடக்கத்தி நெடுஞ்செவி வௌவால், முந்நிற வௌவால் என்னும் மூன்று இனங்கள் பத்தாண்டுகளுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துவிட்டன என்று 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வனவிலங்குகளிடையே இவ்வளவு வேகமாகப் பரவிய அழிவுக்கு ஒப்பானவை மிகச் சிலவே.

சோளக்கொல்லையில் ஒரு கூண்டு

இனி வயலுக்கு வருவோம். வட அமெரிக்காவின் வௌவால்களில் பெரும்பாலானவை பூச்சியையே உண்டு வாழ்பவை. பாலூட்டும் காலத்தில் ஒரு தாய் வௌவால், தன் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான பூச்சிகளை ஒரே இரவில் தின்றுவிடும். அது தின்பவற்றுள் மக்காச்சோளக் கதிரைத் துளைக்கும் புழுவின் தாய் அந்துப்பூச்சியும் ஒன்று. நம் பருத்தியிலும் துவரையிலும் கொண்டைக்கடலையிலும் காயைக் குடைந்து விவசாயியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் பச்சைக் காய்ப்புழுவுக்கு அது மிக நெருங்கிய உறவு. ஓர் அந்துப்பூச்சி பல நூறு முட்டையிடும். ஆகவே ஒரு பூச்சியை இரவில் பிடித்துத் தின்பது, பல நூறு புழுக்களைப் பிறக்குமுன்பே ஒழிப்பதாகும்.

இது நியாயமான யூகம். விஞ்ஞானத்துக்கு யூகம் போதாது. தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசையா மெய்ன், ஜஸ்டின் பாயில்ஸ் என்னும் இருவர், மக்காச்சோள வயலின் நடுவே உயரமான கூண்டுகளை நிறுத்தி அதைச் சோதித்தார்கள். கூண்டின் வலையைப் பொழுது சாயும்போது இழுத்து மூடவேண்டும், விடிந்ததும் திறந்துவிடவேண்டும். பகலில் திறப்பது ஏன் என்றால், பறவைகளும் பூச்சி தின்பவை. வலை எந்நேரமும் மூடியே கிடந்தால் விளையும் சேதம் பறவை வராமையாலா, வௌவால் வராமையாலா என்று பிரித்தறிய முடியாமற் போய்விடும். வௌவால் நுழையாமல் தடுக்கும் வலையின் கண்கள் அந்துப்பூச்சி தாராளமாகப் புகுந்து செல்லும் அளவினவாகவும் இருந்தன. இரண்டு சாகுபடிப் பருவங்கள் முழுவதும் ஒவ்வொரு மாலையும் காலையும் இந்த வேலையைச் சலியாமல் செய்த பிறகு கதிர்களை உரித்துப் பார்த்தபோது, வௌவால் வராத கூண்டுக்குள் புழுக்கள் ஏறக்குறைய 60 சதவிகிதம் அதிகம்; கெட்ட மணிகள் 50 சதவிகிதத்துக்கு மேல் அதிகம். அம்மட்டோடும் நிற்கவில்லை. புழு துளைத்த மணியில் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை நஞ்சைச் சுரக்கிறது. நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்று நாம் அஞ்சுகிற நச்சின் இனத்தைச் சேர்ந்த பொருள்கள் மனிதர் உண்ணும் தானியத்திலும் கால்நடைத் தீவனத்திலும் கலக்கின்றன. வௌவால் பறந்த கொல்லையில் இவையும் குறைந்தே காணப்பட்டன. 2015இல் வெளியான இந்த ஆராய்ச்சியைப் படிக்குந்தோறும், பெரும் செலவோ அபூர்வக் கருவிகளோ இல்லாமல், கேள்வியைச் சரியாக அமைத்துக்கொண்ட பொறுமையால் மட்டுமே இயற்கையிடமிருந்து ஒரு தெளிவான பதிலைப் பெற்ற அழகை நாம் வியக்கிறோம்.

வௌவாலின் உபகாரத்துக்கு விலை போடவும் சிலர் முனைந்தார்கள். டெக்ஸாஸ் மாநிலத்தின் தெற்கே பருத்தி விளையும் எட்டு மாவட்டங்களில், ஆண்டொன்றுக்கு 46 முதல் 64 லட்சம் டாலர் பெறுமானமுள்ள விளைச்சலில், வௌவால்கள் காத்துக்கொடுப்பது சுமார் 7 லட்சத்து 41 ஆயிரம் டாலர் என்று 2006இல் ஒரு கணக்கு வந்தது. அதையே தேசம் முழுமைக்கும் விரித்து, 2011இல் பாயில்ஸும் அவருடைய சகாக்களும் 2,290 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள்; ஆனால் அது 370 கோடியாகவும் இருக்கலாம், 5,300 கோடியாகவும் இருக்கலாம் என்று அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஒரு வட்டாரத்தின் பருத்தியைக்கொண்டு ஒரு கண்டத்தின் சோளத்தையும் சோயாவையும் அளப்பது சரியாகாது என்ற ஆட்சேபம் எழுந்தது. அந்த ஆட்சேபம் நியாயமே. வௌவால் இல்லாமற்போனால் இன்னது நடக்கும் என்று கணக்குப் போடுவது ஒன்று. இல்லாமற்போன இடத்தில் இன்னது நடந்தது என்று பார்த்துச் சொல்வது வேறொன்று.

கணக்கேட்டில் தெரிந்த மரணங்கள்

எயால் ஃபிராங்க் செய்தது இரண்டாவது. வெள்ளை மூக்கு நோய் எனப் பெயர்பெற்ற அந்தக் கொள்ளைநோய் ஒரே நாளில் நாடு முழுவதும் தோன்றிவிடவில்லை. இந்த ஆண்டு இந்த மாவட்டம், அடுத்த ஆண்டு அதன் அண்டை மாவட்டம் என்று குகைகளின் இருப்பிடத்தைப் பின்பற்றிப் படிப்படியாகப் பரவிற்று. எந்த விவசாயியின் செயலும், எந்த அரசாங்கத்தின் கொள்கையும், எந்தச் சந்தையின் விலையும் அந்தப் பரவலை நிர்ணயிக்கவில்லை. ஆகவே நோய் வந்த மாவட்டத்தையும் இன்னும் வராத மாவட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வருவதற்கு முன்னும் வந்த பின்னும் என்ன மாறிற்று என்று ஒப்பிட்டால், ஆய்வுக்கூடத்தில் எவராலும் நடத்தமுடியாத ஒரு பரிசோதனையை இயற்கையே நடத்திக் காட்டியதாக ஆகிறது. வனவிலங்கு இலாகாவின் நோய்ப் பதிவுகள், பூச்சிமருந்து உபயோகக் கணக்குகள், சுகாதார இலாகாவின் ஜனன மரணப் பதிவுகள் ஆகிய மூன்றும், அதுவரை ஒன்றையொன்று பார்த்திராத மூன்று அலுவலகங்களின் ஏடுகள். அவற்றை ஒன்றாக விரித்துவைத்துப் படித்ததே அவர் புரிந்த பெருஞ்செயல்.

நோய் எட்டிய 245 மாவட்டங்களில் பூச்சிமருந்தின் உபயோகம் சராசரியாக 31 சதவிகிதம் உயர்ந்திருந்தது. மருந்துக்குச் செலவழித்தும் விவசாயிக்கு மகசூலின் வருமானம் பெருகவில்லை. ஏறக்குறைய 29 சதவிகிதம் குறைந்தது. இரசாயனம் வௌவாலின் இடத்தை முழுவதும் நிரப்பவில்லை என்பது இதனால் தெரிகிறது. 2006 முதல் 2017 வரை விவசாயிகள் அடைந்த நஷ்டம் 2,690 கோடி டாலர். விபத்திலும் கொலையிலும் நேர்ந்தவற்றை ஒதுக்கிவிட்டு, நோய் முதலிய உட்காரணங்களால் நேர்ந்த சிசு மரணங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றின் விகிதம் இந்த மாவட்டங்களில் 7.9 சதவிகிதம் ஏறியிருந்தது. அதாவது, வௌவால்கள் இருந்திருந்தால் இறந்திருக்கமாட்டார்கள் என்று கணக்கு சொல்லும் குழந்தைகள் 1,334 பேர். பூச்சிமருந்து ஒரு சதவிகிதம் கூடினால் சிசு மரணம் கால் சதவிகிதம் கூடுகிறது என்பது அவர் கண்ட விகிதம்.

இந்த எண்ணை நாம் அலட்சியமாகக் கடந்துபோகலாகாது. இவர்களுள் ஒரு குழந்தையையேனும் சுட்டி, இது இன்ன வயலில் தெளித்த மருந்தினால் இறந்தது என்று எந்த வைத்தியராலும் சொல்ல இயலாது. தாய் குடித்த தண்ணீரின் வழியே வந்ததா, காற்றில் மிதந்து வந்ததா என்பதை இத்தகைய ஆராய்ச்சி காட்டுவதில்லை. மாவட்ட அளவில் எடுத்த சராசரிகளையே அது பேசுகிறது. இந்தக் குறையை எடுத்துரைப்பவர்கள் தவறு சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனையின் மரணச் சான்றிதழில் ஒருபோதும் எழுதப்படாத காரணங்களும் உலகில் உண்டு. அவற்றைப் பல்லாயிரம் சான்றிதழ்களை ஒருங்கே வைத்துப் பார்ப்பவனே காணமுடியும். தெளிக்கப்பட்டவை சட்டம் அனுமதித்துச் சந்தையில் விற்ற மருந்துகள். விவசாயியின் பேரிலும் குற்றமில்லை. கதிரில் புழு விழுவதைக் கண்ட எவனும் செய்வதையே அவனும் செய்தான். கொல்லைக்கு மேலே இரவில் பறந்துகொண்டிருந்த காவல் போய்விட்டது என்பதை அவனுக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

வைரஸ் சுமக்கும் உடல்

இப்போது வௌவாலின்மீது சாட்டப்படும் குற்றத்தை நேரே நோக்குவோம். 2003இல் உலகை அச்சுறுத்திய சார்ஸ் நோயின் வைரஸுக்கு ஒத்தவை குதிரைலாட வௌவால்களிடம் இருப்பதைச் சீன, ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2005இல் வெளியிட்டார்கள். கோவிட் வைரஸின் நெருங்கிய உறவுகளும் சீனத்தின் யுன்னானிலும் லாவோஸிலும் அதே வகை வௌவால்களிடம் கண்டெடுக்கப்பட்டன. அங்கிருந்து மனிதனிடம் அது வந்துசேர்ந்த வழியைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. இவ்வளவு வைரஸ்களைச் சுமந்தும் வௌவால் ஏன் சாவதில்லை என்று சிங்கப்பூரில் லின்ஃபா வாங் முதலானோர் ஆராய்ந்தபோது, கிருமியைக் கண்டவுடன் நம் உடல் மூட்டுகின்ற அழற்சியை வௌவாலின் உடல் மட்டுப்படுத்தி வைத்துக்கொள்வது தெரியவந்தது. கோவிடில் பலரைக் கொன்றது வைரஸ் மட்டுமன்று, அதை எதிர்க்கப் புறப்பட்ட அவரவர் உடலின் கட்டுக்கடங்காத சீற்றமுங்கூட என்பதை நினைக்கும்போது, இந்த ஜந்துவிடமிருந்து வைத்திய சாஸ்திரம் கற்கவேண்டியது எவ்வளவு என்பது விளங்கும்.

அப்படியானால் வௌவால்களைக் கொன்றுவிட்டால் அபாயம் நீங்கிவிடுமா? இதையும் மனிதர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். உகண்டாவில் கிடாகா என்னும் சுரங்கத்தில் வேலைசெய்தவர்களை 2007இல் மார்பர்க் காய்ச்சல் தாக்கியது. எபோலாவுக்கு இனமான அந்த நோயின் வைரஸ் சுரங்கத்தில் வசித்த லட்சம் பழந்தின்னி வௌவால்களிடம் இருப்பது நிரூபணமாயிற்று. உடனே சுரங்கத்தின் வாயில்களை வலையாலும் நாணலாலும் பிளாஸ்டிக்காலும் அடைத்து, உள்ளே இருந்தவற்றையெல்லாம் கொன்று தீர்த்தார்கள். சில ஆண்டுகள் கழித்துச் சுரங்கம் மறுபடி திறக்கப்பட்டபோது வெளியிலிருந்து வேறு வௌவால்கள் வந்து குடியேறின. எண்ணிக்கை பழையதில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இல்லை. 2012இல் அருகிலுள்ள இபாண்டா நகரில், உகண்டா அதுவரை கண்டிராத அளவுக்கு மார்பர்க் நோய் வெடித்தது. ஆராய்ச்சியாளர்கள் சுரங்கத்துக்குத் திரும்பிச் சென்று பரிசோதித்தபோது, அழிப்பதற்கு முன் நூற்றுக்கு ஐந்தளவில் இருந்த வைரஸ் தொற்று, புதிதாக வந்த கூட்டத்தில் பதின்மூன்றுக்கு மேல் உயர்ந்திருந்தது. நோயைத் தாங்கிப் பழகிய முதிர்ந்த வௌவால்கள் ஒழிந்து, தொற்றுக்கு இலக்காகும் இளையவை வந்து நிறைந்ததே காரணம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் கண்ட உண்மை இதைவிடப் போதனை மிக்கது. 1994இல் பிரிஸ்பேன் நகரின் ஹெண்ட்ரா என்னும் பகுதியில் பந்தயக் குதிரைகள் பலவும் அவற்றின் பயிற்சியாளரும் இறந்துபோனார்கள். பறக்கும் நரி எனப்படும் பெரிய பழந்தின்னிகளிடமிருந்து குதிரைக்கும், குதிரையிடமிருந்து மனிதனுக்கும் வந்த புது வைரஸே காரணம். அது ஏன் சில ஆண்டுகளில் மட்டும் வருகிறது என்பதைப் பெக்கி ஈபி, ரெய்னா ப்ளோரைட் முதலானோர் கால் நூற்றாண்டுப் பதிவுகளைக்கொண்டு ஆராய்ந்து 2022இல் விளக்கினார்கள். குளிர்காலத்தில் பூக்கும் யூகலிப்டஸ் காடுகள் மேய்ச்சலுக்கும் குடியிருப்புக்குமாக வெட்டப்பட்டுவிட்டன. தேன் கிடைக்காத வறண்ட ஆண்டை அடுத்துப் பறக்கும் நரிகள் பெருங்கூட்டம் கலைந்து, சிறு சிறு குழுக்களாக ஊர்களையும் குதிரை மேயும் புல்வெளிகளையும் நாடிவந்து, கிடைத்ததைத் தின்று அங்கேயே தங்கிவிடுகின்றன. பசியால் நலிந்த உடலிலிருந்து வைரஸ் சிறுநீரில் வெளிப்பட்டு மரத்தடியில் மேயும் குதிரையை அடைகிறது. ஆனால் எஞ்சிய காடு குளிர்காலத்தில் செழித்துப் பூத்த ஆண்டுகளில் அவை ஊரை விட்டுக் காட்டுக்குத் திரும்பிவிட்டன. அந்த ஆண்டுகளில் ஒரு குதிரைக்கும் நோய் வரவில்லை. காட்டில் மலர் பூத்ததும் ஊரில் நோய் நின்றதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பகுதிகளாக இருந்தன என்பது, கொள்ளைநோய்த் தடுப்பு என்றவுடன் ஊசியையும் முகக்கவசத்தையும் மட்டும் நினைக்கும் நமக்குப் புதிய பாடம்.

மலேசியாவில் 1998, 1999ஆம் ஆண்டுகளில் 105 பேரை மாய்த்த நிபா நோயும் இப்படித்தான் பிறந்தது. பன்றிக் கொட்டில்களுக்கு நிழலாகப் பழமரங்களை வளர்த்த பண்ணைகளில், வௌவால் கடித்துப் போட்ட கனியைப் பன்றி தின்றது. நமக்கு அண்டையிலுள்ள கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் அதே நோய் 2018இல் 17 உயிர்களைக் கொண்டது. அணில் கடித்த பழமும் வௌவால் கடித்த பழமும் தித்திக்கும் என்று குழந்தைகள் பொறுக்கித் தின்னும் வழக்கம் நம்மிடமும் உண்டு. அதை விட்டுவிடுவதுதான் புத்தி. வங்காள தேசத்தில் பேரீச்ச மரத்துச் சாற்றின்மூலம் இந்நோய் பரவுவதைக் கண்டவர்கள், வௌவாலைக் கொல்லாமல், சாறு வடியும் இடத்தையும் கலயத்தையும் மூங்கில் தட்டியால் மறைத்துக் கட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டிய மரத்தில் வௌவாலின் வாய் படவில்லை என்பதை இரவுக் காமிராக்கள் காட்டின.

நம் நாட்டுச் சட்டமோ நெடுங்காலம் பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் ஒன்றாக வைத்து, யாரும் கொல்லத்தக்க தீங்குயிர் என்று அட்டவணையிட்டிருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை அது. 2022இல் நிறைவேறிய திருத்தம்தான் அதை நீக்கியது. இலுப்பைப் பூவில் மகரந்தம் கலப்பதும் அதன் விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவதும் இவ்வௌவால்களே என்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் பிடித்த ஒரு வௌவால், சாதாரண இனம் என்று தவறாக எண்ணப்பட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் கால் நூற்றாண்டு கிடந்து, 1972இல்தான் உலகில் வேறெங்கும் அறியப்படாத தனி இனம் என்று தெளிந்து சலீம் அலியின் பெயரைப் பெற்றது. நம் வீட்டு வாசலில் இருப்பதைப் பற்றிய நம் அறிவு இந்த அளவில் இருக்கையில், ஒன்றைத் தீங்குயிர் என்று தீர்மானிக்கும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

நெல்வயல்களில்

வௌவாலைத் துணைக்கு அழைத்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டின் எப்ரோ நதி கடலில் கலக்கும் டெல்டாவில், நெற்பயிரின் தண்டைத் துளைக்கும் புழுவால் அவதிப்பட்ட வயல்களின் ஓரம் மரப்பெட்டிகளைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். சிறு வௌவால்கள் அவற்றில் குடியேறிப் பெருகின. பெருகப் பெருகப் புழுவின் தாக்குதல், மருந்து தெளிக்கவேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிற்று. தாய்லாந்தில் குகைகளிலிருந்து மாலைதோறும் புகைத்திரள்போலக் கிளம்பும் சுருக்க உதட்டு வௌவால்கள் நெல்லின் வெண்முதுகுத் தத்துப்பூச்சியைத் தின்று, அந்த ஓரினம் மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 2,900 டன் அரிசியைக் காத்துத் தருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய 26,000 பேருக்கு ஓராண்டுச் சோறு அது. தஞ்சையிலும் திருவாரூரிலும் தத்துப்பூச்சிக்கும் குருத்துப்பூச்சிக்கும் மருந்தடித்துக் கை சலித்த குடியானவர்கள் பல்லாயிரவர் இருக்கும் நம் நாட்டில், கோயில் மண்டபங்களின் இருளில் வசிக்கும் சிறு வௌவால்கள் இரவில் வயலில் எதைத் தின்கின்றன, எவ்வளவு தின்கின்றன என்று மெய்னும் பாயில்ஸும் செய்ததுபோல ஒரு கூண்டு கட்டிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு அற்பம், தெரியவருவது பெரிதாயிருக்கும்.

அமெரிக்காவில் நோய்க்கு மருந்து தேடுகிறார்கள். மாடிசன் நிலையத்தில் டோனி ராக் முதலானோர் வௌவாலுக்கே தடுப்பு மருந்து தயாரித்துச் சோதித்தார்கள். குளிர்காலத்தில் குகைகளுக்குள் மனிதர் நுழையாதபடி கம்பிக் கதவுகள் போடப்படுகின்றன. ஒரு குகையில் இறங்கியவர் மறு குகைக்குச் செல்லுமுன் காலணியையும் உடையையும் சுத்திகரிக்கவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். நோய் முதலில் தாக்கிய வடகிழக்குப் பகுதிகளில் சிறு பழுப்பு வௌவாலின் எஞ்சிய கூட்டங்கள் சில, மேலும் தேயாமல் நிலைத்து நிற்கின்றன. ஆயினும் ஒரு தாய் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். முப்பது ஆண்டுக்கு மேலும் உயிர் வாழக்கூடிய இந்த இனம் அவ்வளவு மெதுவாகவே பெருகும். இழந்த லட்சங்களை ஒரு தலைமுறையில் மீட்க முடியாது.

பிழைத்த கூட்டங்களைப் பரிசோதித்தபோது ஒன்று தெரிந்தது. நோய்க்கு முன் அங்கே வாழ்ந்தவற்றைவிட இவை குளிர்கால உறக்கத்துக்குப் போகும்போதே கூடுதலான கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு போகின்றன; இடையிடையே விழித்தாலும் வசந்தம் வரை தாக்குப்பிடிக்க அதுவே உதவுகிறது. அந்தக் கொழுப்பு இலையுதிர்காலத்துப் பூச்சிகளிலிருந்து வரவேண்டும். பூச்சிமருந்து 31 சதவிகிதம் கூடியிருப்பதோ இதே வௌவால்கள் இரை தேடும் வயல்களில்தான். ஆகவே மருந்தடித்த வயலில் இரைதேடும் வௌவால் எவ்வளவு கொழுப்போடு குகைக்குத் திரும்புகிறது என்பதை ஒவ்வொரு மாவட்டத்திலும் எடைபோட்டுப் பார்ப்பதே இனி அங்கே நடக்கவேண்டிய ஆராய்ச்சி.